இரண்டாவது டிரம்

கேத்தி பாலாடாவில் இரவு பதினொன்றுக்குத்தான்
எங்களுக்குப் பொழுது விடியும்.
மண்ணோடு மூட்டைகள் வந்து இறங்கும்.
நான்கு மணிக்குள் குளித்துச் சிவந்து
மேட்டுப்பாளையம் லாரியில் ஏறிவிட வேண்டும்.
நடுவில் இருக்கும் ஐந்து மணி நேரம்தான்
என் கம்பெனி.

பெயர்ப்பலகை வைக்கவில்லை.
தகரத்தில் யாரோ கரியால் எழுதினார்கள்:
லீலாவதி கேரட் களுவுமிடம்.
திருத்தவும் இல்லை. எல்லோரும் சரியாகத்தான் வந்து சேர்கிறார்கள்.

முதல் டிரம், குன்னூரில்
ஒரு டீ ஃபேக்டரி கழித்துப்போட்ட உருளை.
எடைக்குத்தான் போட்டார்கள், கிலோ இருபத்தொன்பது.
அதற்கான பணம்
ஏழு வருடம் அடுத்தவர் தோட்டத்தில்
குனிந்து பிடுங்கியது.
கேரட்டைச் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள்.
பணத்தையும் அப்படித்தான் பிடுங்கினேன்,
தலையைப் பிடித்து, முறியாமல்,
ஒவ்வொன்றாக.

வெல்டர் ஸ்டீபன்ராஜ் கூலியை மூன்று தவணையாக்கினார்.
இரண்டாவது தவணை அன்று மோட்டார் எரிந்தது.
மூன்றாவதுக்கு அவரே வந்து
காயில் கட்டிக் கொடுத்துவிட்டு
வாங்காமல் போனார்.
அதைக் கடன் பக்கத்தில்தான் எழுதி வைத்திருக்கிறேன்,
மறந்துவிட்டது என்று அவர் சொன்னாலும்.

ஹாலன் அண்ணன் கேட்டார்:
சீசன் முழுக்க உன்னிடமே போடுகிறேன்,
முன்பணமும் தருகிறேன்,
மூட்டைக்கு இரண்டு ரூபாய் குறைத்துக்கொள்.
பகலில் தூங்குகிறவள் நான்.
அந்த இரண்டு ரூபாய்க்காக
ஒரு பகல் முழுக்கத் தூங்கவில்லை.
சாயங்காலம், ஒன்றே கால் என்றேன்.

அந்த முன்பணம்தான் மண் படியும் தொட்டி.
ஓடையில் கலக்காதே என்று
அதிகாரிகள் வருவதற்கு நாற்பது நாள் முன்பே
பூசி முடித்திருந்தேன்.
சாமர்த்தியம் ஒன்றும் இல்லை,
கீழே என் தங்கை குடம் வைப்பது
அதே ஓடையில்.

ஐப்பசியில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தது,
கோத்தகிரிப் பாதையில் மரம் விழுந்தது,
தோட்டத்தில் கால் வைத்தால் முழங்கால் வரை போனது.
பதினொரு நாள் டிரம் சுற்றவில்லை.
பூங்கோதைக்கும் ஜெபமணிக்கும்
அரைக்கூலி கொடுத்தேன்.
எனக்குக் கொடுக்க அங்கே எதுவும் இல்லை.
முதலாளி என்றால் யார் என்று
அந்த வாரம்தான் விளங்கியது.

தையில் கோவையிலிருந்து ஒருவர் வந்தார்,
ஷூவில் சேறு படாமல்
கல் கல்லாகத் தாவி.
முப்பது லட்சம். ஐந்து ஷெட்.
அவருக்கு நாற்பது சதவீதம்.
நீங்கள் இன்னும் மேலே போகலாம் மேடம் என்றார்.
ஆறாயிரத்துச் சொச்சம் அடியில் நின்றுகொண்டு
மேலே என்றால் எங்கே என்று
தொட்டபெட்டா பக்கம் ஒருமுறை பார்த்தேன்.

அப்புறம் கேட்டேன்:
அந்தப் பதினொரு நாள் திரும்பி வந்தால்
உங்கள் நாற்பது சதவீதம்
எங்கே படுத்துக்கொள்ளும், சார்?
சிரித்தார். நல்ல மனிதர்தான்.
டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.
அவர் கார் வளைவில் மறைந்ததும்
முப்பதுக்குப் பின்னால் எத்தனை சுழி என்று
விரல்விட்டு எண்ணினேன்.
கரண்ட் போன இரவுகளில் இன்றும்
அந்தச் சுழிகள் வந்து
வெறும் டிரம் போல உருளுகின்றன.
தப்பு செய்தேனா என்று
அவற்றிடமும் கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது டிரம் ஆடியில் வந்தது.
பெயிண்ட் மட்டும் புதிது.
மூட்டைக்கு மூன்று ரூபாய் தனியே எடுத்துவைத்து
முப்பத்தோராயிரம் மூட்டை.
கேட்பவர்களிடம் விலையை
மூட்டைக் கணக்கில்தான் சொல்கிறேன்.

இரண்டும் சேர்ந்து சுற்றினால்
யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.
ஜெபமணி கையை ஆட்டுகிறாள்:
இருபத்து மூன்று பாக்கி, பெல்ட் வழுக்குகிறது.
இடுப்பில் செருகிய கோவைக்காரர் கார்டில்
பின்பக்கம் வெள்ளை.
இன்றைய கணக்கை அதில்தான் எழுதுகிறேன்,
ஈரத்தில் அவர் போன் நம்பர்
இந்தப் பக்கம் ஊறி வருகிறது.

மணி மூன்று நாற்பது.
லாரிக்காரன் இரண்டாவது ஹார்ன் அடித்துவிட்டான்.
ஏய் பூங்கோதை,
பெல்ட்டுக்குக் குங்கிலியம் எடு,
அந்த மேல் பலகையில் பார்,
டப்பாவுக்குப் பின்னால்.